எம்87 ஜெட்: ஒளியை விட 6 மடங்கு வேகம் வருது, எங்கே தப்பு?

பாலக்கோடு_பையன்:
வணக்கம். தர்மபுரியில் எம்எஸ்சி இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு எம்87 ஜெட் எடுத்திருக்கேன், அதாவது எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கிற கருந்துளைப் பக்கத்திலிருந்து பீறிடும் தாரை. அதில் ஹெச்எஸ்டி-1 என்ற முடிச்சில் (பளிச்சுன்னு தெரியும் திட்டு) சில துண்டுகள், 1994–98 ஹப்பிள் படங்களில் வருஷத்துக்குச் சுமார் 22 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆர்க்செகண்ட்) நகருது. தூரம் 5.5 கோடி ஒளியாண்டு. அங்கே ஒரு மில்லி ஆர்க்செகண்டுன்னா 0.27 ஒளியாண்டு. பெருக்கினா வருஷத்துக்கு 6 ஒளியாண்டு! ரேடியன் மாற்றமெல்லாம் திரும்பப் பார்த்தாச்சு. நாளைக்கு சார்கிட்ட காட்டணும், யாராவது சொல்லுங்க.

ஓசூர்_ராத்திரிவானம்:
கணக்கு சரி தம்பி. வேகம்தான் தோற்றம். அந்த ஜெட் நம்மைப் பார்த்துச் சாய்ஞ்சு வருது. துண்டின் வேகம் ஒளியில் 99 சதவீதம், நம்ம பார்வைக் கோட்டிலிருந்து சாய்வு 10 பாகைன்னு வச்சுப் பாருங்க. 100 வருஷத்தில் அது நம்ம பக்கம் 97.5 ஒளியாண்டு நெருங்கிடும், பக்கவாட்டில் 17 தான் போகும். அதனால கடைசியில் கிளம்பின ஒளி, முதல் ஒளிக்கு இரண்டரை வருஷம் பின்னாடியே வந்து சேர்ந்துடும். இரண்டரை வருஷத்தில் 17 ஒளியாண்டு போன மாதிரி தெரியும். பிரிட்டிஷ் வானியலாளர் மார்ட்டின் ரீஸ் 1966-லேயே இதைச் சொல்லிட்டார். வானத்தில் பார்த்தது அப்புறம்தான்.

பாலக்கோடு_பையன்:
அண்ணா, அந்த 10 பாகை எங்கிருந்து வந்துச்சு?

ஓசூர்_ராத்திரிவானம்:
உதாரணத்துக்குப் போட்டது. 6 மடங்கை மட்டும் வச்சு வேகம், கோணம் ரெண்டையும் பிரிக்க முடியாது. எல்லை மட்டும் கிடைக்கும்: சாய்வு 19 பாகைக்குள்ள, வேகம் குறைஞ்சது 98.6 சதவீதம். ரிப்போர்ட்டில் அப்படியே எழுதுங்க.

ஊத்தங்கரை_டீச்சர்:
எதிர்ப்பக்க ஜெட் ஏன் தெரியலைன்னும் சார் கேட்பாங்க. தொப்பூர் கணவாயில் எதிரே வர்ற லாரியோட வெளிச்சம் கண்ணைக் கூசும், தாண்டிப் போனது தெரியாது. இங்கேயும் நம்ம பக்கம் வர்ற ஜெட்டோட ஒளி முன்பக்கமே குவியுது.

இன்னொண்ணு, முடிச்சைக் கெட்டிப் பொருளா நினைக்காதீங்க. ஹெச்எஸ்டி-1 எக்ஸ் கதிரில் 2005-ல் மையத்தையே மிஞ்சிப் பளிச்சிட்டு, அப்புறம் மங்கிடுச்சு. வெளிச்சம் மாறினா உச்சப்புள்ளியும் நகரும், அதை ஓட்டம்னு அளந்துடக் கூடாது. ஜெட்டின் அடிப்பகுதியே சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை திசை ஊசலாடுதுன்னு, 22 வருஷ ரேடியோ படங்களை வச்சு 2023-ல் சொன்னாங்க. கருந்துளை சுழலும் அச்சும், அதைச் சுத்தியிருக்கிற வாயு வட்டும் ஒரே நேரா இல்லாததுதான் காரணம்னு விளக்கம். ரேடியோ படம் சேர்த்தா ஒரே அதிர்வெண்ணில் எடுத்ததையே ஒப்பிடுங்க. அதிர்வெண் மாறினா மையமே இடம் மாறித் தெரியும்.

பாலக்கோடு_பையன்:
சார் பார்த்துட்டார். 19 பாகைக்கு டெரிவேஷன் கேட்கிறார் அண்ணா.

ஓசூர்_ராத்திரிவானம்:
வேகத்தை ஒளிவேகத்துக்குச் சமமா வைங்க. கோணத்தில் பாதியோட டேன் 1/6-ன்னு வரும்.