ஆய்வகத்துக்கு வந்த கறுப்பின மாணவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மேகலா:
மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் நான் போஸ்ட்டாக்காக (பிஎச்.டி. முடித்த ஆய்வாளராக) இருந்த ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வேலை செய்தாள். கறுப்பினப் பெண். மூலக்கூறுகளைப் பிரித்துப் பார்க்க ஜெல் ஓட்டுவதில் அவ்வளவு சுத்தமான கை. ஒருநாள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் 48 வாங்கிவிட்டு வந்தாள். "வேறு மேஜருக்கு, அதாவது வேறு முதன்மைப் பாடத்துக்கு, மாறிக்கொள் என்கிறார் அட்வைசர்" என்று சொல்லிக்கொண்டே ஜெல்லின் சிறு குழிகளில் சாம்பிளை இறக்கினாள். நீலச் சாயம் ஒரு பொட்டுகூட வெளியே போகவில்லை. "சரி, யோசித்துப் பார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த செமஸ்டர் அவள் வரவில்லை. எம்.எஸ்சி.யில் எனக்கே ஒரு அரியர் இருந்தது. அதையாவது சொல்லியிருக்கலாம்.

செந்தில்:
உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். பள்ளியிலேயே அடிப்படை சரியாக அமையாவிட்டால் நாம் என்ன செய்ய முடியும்? நான் டிஏவாக (ஆசிரியருக்கு உதவியாளராக) இருந்த கால்குலஸ் வகுப்பில் ஒரு கறுப்பினப் பையன். நூலகம் மூடும்வரை தனியாக உட்கார்ந்து படிப்பான். ஒரு சந்தேகம் கேட்டதில்லை. ஒருமுறை என் அறைக் கதவு வரை வந்து, அப்படியே திரும்பிப் போய்விட்டான். பாடத்தில் ஃபெயில்.

ரஹீம்:
செந்தில், 'அடிப்படை' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனியாகப் படித்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியர் யூரி ட்ரைஸ்மன் கவனித்ததும் இதைத்தான். கால்குலஸ் வகுப்பில் சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். கறுப்பின மாணவர்கள் தனித்தனியாக முட்டி மோதினார்கள். அவர் பழைய பாடத்தைத் திரும்ப நடத்தவில்லை. குழுவாக உட்காரவைத்து இன்னும் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். தேர்ச்சி கூடியது. பால்டிமோர் பக்கம் யூஎம்பிசி என்ற பல்கலைக்கழகத்தில், அறிவியல் மாணவர்களுக்காக 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டத்திலும் அப்படித்தான். முதலாண்டுக்கு முன்பே கோடையில் சேர்ந்து தங்கிப் படிக்கிறார்கள். சி கிரேடு வந்தால் அந்தப் பாடத்தைத் திரும்ப எடு என்பார்கள். கோவிட் தடுப்பூசி ஆய்வில் பெயர் பெற்ற கிஸ்மேகியா கார்பெட் அங்கே படித்து வந்தவர்.

மேகலா, இனி யாரையாவது சேர்த்தால் சம்பளத்தோடு சேருங்கள். கோடையில் கடையில் நின்று சம்பாதிக்க வேண்டிய பிள்ளை இலவசமாக ஆய்வகத்துக்கு வர முடியாது. மாநாட்டில் வைக்கும் ஆய்வுப் போஸ்டரில் அவர்கள் பெயரையும் போடுங்கள். சிபாரிசுக் கடிதம் அவர்கள் கேட்டுத்தான் தர வேண்டும் என்றில்லை, நீங்களே பேச்சை எடுங்கள். அப்புறம், உங்கள் அரியர் கதையை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

செந்தில்:
கதவு வரை வந்தவனை நான் எழுந்து போய்க் கூப்பிடவில்லை, ரஹீம் பாய். அறையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.