[கலைச்சொல்] சேற்றுப்புண் கிரீம்: கொல்லியா, தடுப்பியா, முடக்கியா?

எழுதியது: மருந்தாளுநர், மன்னார்குடி

அன்புடையீர், வணக்கம்.

சம்பா நடவுக்கு முன்பு நடவாட்களிடம் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராகிறது. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்குப் போடும் கிரீம் எப்படி வேலை செய்கிறது, எத்தனை நாள் போடுவது என்பதுதான் பொருள். வரைவில் ஒரு பத்தி:

"இந்தப் பூஞ்சை தோலின் செத்த மேலடுக்கில் இருந்துகொண்டு, அங்குள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்கிறது. அதன் செல்லைப் போர்த்தியுள்ள சவ்வு கட்டுக்கோப்பாக நிற்க எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும். மனித செல்லில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால். பூஞ்சைக்கொல்லி மருந்து எர்கோஸ்டெரால் உண்டாகும் வழியை அடைக்கிறது. அதனால்தான் பூஞ்சை பாழாகிறது, தோல் பாழாவதில்லை."

இடறும் இடம் இரண்டு. 'பூஞ்சைக்கொல்லி' என்பது சரிதானா? சில மருந்துகள் பூஞ்சையைக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்தி மட்டும் வைக்கின்றன. அவற்றுக்குத் தனிச்சொல் வேண்டாமா?

எழுதியது: வேளாண் அலுவலர் (ஓய்வு), ஆடுதுறை

'பூஞ்சைக்கொல்லி'யை இப்போதே அடித்துவிடுங்கள் தம்பி. டெல்டாவில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது, அது கைத்தெளிப்பானில் ஊற்றுவது. நெற்பயிரின் இலையுறைக் கருகல் நோய்க்கு அடிக்கும் ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் எல்லாம் பூஞ்சைக்கொல்லிதான். உங்கள் சேற்றுப்புண் கிரீமில் இருக்கும் க்ளோட்ரைமசோலும் அதே அசோல் குடும்பம், அடைப்பதும் அதே நொதியை. பெயரின் வாலும் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

வயலுக்கான ஹெக்சகோனசோல் 5 சதவீதக் கரைசலாக வரும். உங்கள் டியூப் 1 சதவீதம். 5 பெரிதா 1 பெரிதா என்று பார்த்து, மாட்டுக்கொட்டகையில் மிச்சமிருக்கும் புட்டியைத் திறந்துவிடுவார்கள். அதில் மருந்து மட்டுமா இருக்கிறது? கரைப்பானும் பால்மமாக்கியும் சேர்ந்தது. வெடித்த தோலில் பட்டால் எரிந்து கொப்பளிக்கும். ஒரு சொல்லால் வரும் ஆபத்து இது. இலக்கணம் பிறகு.

எழுதியது: புலவர், திருவையாறு

அலுவலர் ஐயா 'கொல்லி'யைப் பிடித்தார். நான் 'பூஞ்சை'யைப் பிடிக்கிறேன். 'பூஞ்சை உடம்பு', 'பூஞ்சையான ஆள்' என்றால் நோஞ்சான். அப்படியிருக்க 'பூஞ்சைக்கொல்லி' மெலிந்தவனைக் கொல்வதாகாதா? பூசணம் என்ற நல்ல சொல் இருக்கிறது. ஊறுகாய் பூசணம் பூத்துவிட்டது என்று சொல்லாத வீடு காவிரிக் கரையில் உண்டா?

என் எண்ணம், பூசணம் 'பூசு' என்னும் அடியிலிருந்து வந்திருக்கலாம். மேலே படிவது, அப்பிக்கொள்வது. மருந்தைப் 'பூச்சு' என்கிறோம், அதுவும் அதே அடி. நோயும் பூச்சு, தீர்ப்பதும் பூச்சு. 'பூசணப் பூச்சு' என்று வைத்தால் ஓசையும் அழகு.

'கொல்லி' என்ற சொல்லின் பெருமையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கொல்லி மலை இருக்கிறது, தேவாரத்தில் கொல்லிப் பண் இருக்கிறது...

எழுதியது: தமிழாசிரியை, குடவாசல்

புலவர் ஐயா, கொல்லிப் பண்ணை இன்னொரு நாள் பாடலாம். பூசணத்தைப் 'பூ' என்ற அடியிலிருந்தே கொண்டுவருவோர் உண்டு. நீங்களே 'பூசணம் பூத்தது' என்கிறீர்கள், 'பூசியது' என்று சொல்லவில்லையே. 'பூசணப் பூச்சு' என்று அச்சிட்டால் பூசணத்தை எடுத்துக் காலில் பூசச் சொல்வதாக என் எட்டாம் வகுப்பே படிக்கும்.

எழுதியது: தோல் மருத்துவர், தஞ்சாவூர்

கொல்வது, நிறுத்துவது என்ற வேறுபாட்டை மருந்தாளுநர் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். என் பார்வையில் துண்டறிக்கையின் உயிரே அதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பூஞ்சை எர்கோஸ்டெராலைப் பல படிகளில் கட்டுகிறது. முன்படி ஒன்றில் ஸ்குவாலீன் என்ற பொருள் மாற்றம் அடைய வேண்டும். டெர்பினாஃபைன் அங்கேயே அடைக்கிறது. எர்கோஸ்டெரால் கிடைக்காமல் போவது ஒரு அடி. மாறாத ஸ்குவாலீன் செல்லுக்குள் குவிந்து நஞ்சாவது இன்னொரு அடி. இரண்டும் சேர்வதால் பூஞ்சை சாகிறது. க்ளோட்ரைமசோல், மைகோனசோல் போன்றவை அடைப்பது பிந்தைய படியை. சவ்வு ஓட்டையாகி வளர்ச்சி நிற்கும், ஆனால் பெரும்பாலும் சாவதில்லை. மேல்தோல் உதிர்ந்து புதுத்தோல் ஏறும்போதுதான் அது வெளியேறுகிறது. அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

நாள் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. க்ளோட்ரைமசோல் 1 சதவீதம், தினம் இருவேளை, 4 வாரம். டெர்பினாஃபைன் 1 சதவீதம், விரலிடுக்குக்கு மட்டும் என்றால் தினம் ஒருவேளை 1 வாரம் என்பது வழக்கு. அதற்கு மசியாத பூஞ்சை நம் நாட்டில் பரவியிருப்பதால் நான் 2 வாரம் எழுதுவேன். லூலிகோனசோல் 1 சதவீதம், ஒருவேளை, 2 வாரம்.

அரிப்போ நாலைந்து நாளில் அடங்கிவிடும். டியூப் அலமாரிக்குப் போய்விடும். மூன்றாம் வாரம் அதே இடுக்கில் திரும்ப வரும், "மருந்து கேக்கல" என்பார்கள். 'கொல்லி' என்று பெயர் வைத்தால் செத்துவிட்டது என்று நினைத்து நிறுத்தத்தான் செய்வார்கள். அதனால் என் பரிந்துரை 'பூஞ்சை முடக்கி'. முடங்கிக் கிடப்பது எழுந்துவிடும் என்ற எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எழுதியது: புலவர், திருவையாறு

> அதனால் என் பரிந்துரை 'பூஞ்சை முடக்கி'

டாக்டர் அம்மா, 'முடக்கி' என்றதும் அது வினையெச்சமாகக் காதில் விழும். முடக்கி என்ன செய்தது? முற்று எங்கே? போதாக்குறைக்கு முடக்குவாதத்தின் வாடை வேறு.

எழுதியது: மாணவர், திருத்துறைப்பூண்டி

அப்படியானால் 'பூஞ்சைத் தடுப்பி' என்று வைக்கலாமே ஐயா. கூடவே எர்கோஸ்டெரால், ஸ்குவாலீன் இவற்றையும் தமிழாக்கிவிட்டால் பக்கம் முழுக்கத் தூய தமிழாகும். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தாரே. நாம் அதிலிருந்து பின்வாங்கலாமா?

எழுதியது: புலவர், திருவையாறு

'தடுப்பி'யில் சிக்கல் பெரிது. கொல் + இ, கொல்லி. சரி. தடு + இ என்றால் நடுவில் பகரம் எங்கிருந்து வந்தது? படிப்பி, நடப்பி என்பன போலப் 'பி' பிறவினை விகுதியாகிவிடும். 'தடுப்பி' என்றால் வேறொருவரைக் கொண்டு தடுக்கச் செய் என்னும் ஏவல்.

எழுதியது: தமிழாசிரியை, குடவாசல்

'தடுப்பு' என்ற பெயரில் இகரம் ஏறியதாகக் கொள்ளலாமே ஐயா. அதைவிட இன்னொன்று. தடுப்பூசி, தடுப்பு மருந்து என்றால் நோய் வருமுன் போடுவது என்று ஊருக்கே தெரியும். 'தடுப்பி' என்று எழுதினால் நடவுக்கு இறங்குமுன் பூசிக்கொண்டு சேற்றில் கால் வைப்பார்கள்.

எழுதியது: மருந்தாளுநர், மன்னார்குடி

ஆசிரியை சொல்வது நடக்கக்கூடியதுதான். காலையில் பூசிவிட்டு இறங்கினால் அரைமணியில் மருந்து வாய்க்காலோடு போய்விடும். ஆகவே வரைவில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

"கரையேறியதும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். தனித் துணியால் ஒவ்வொரு இடுக்கையும் ஒற்றி ஈரத்தை எடுங்கள். அந்தத் துணியால் வேறு இடத்தைத் துடைக்காதீர்கள், இடுப்பு மடிப்பில் படர்தாமரை வந்துவிடும். ஒரு பாதத்தின் இடுக்குகளுக்குப் பட்டாணி அளவு போதும். புண்ணின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை மெல்லியதாகத் தடவுங்கள். இருவேளை மருந்தானால் வயலிலிருந்து வந்ததும் ஒரு முறை, படுக்கும்போது ஒரு முறை. கையைக் கழுவுங்கள்."

ஓரத்தைத் தாண்டிப் பூசச் சொல்வதற்குக் காரணம், பூஞ்சை பரவுவது விளிம்பில்தான். நல்ல தோல் போலத் தெரியும் இடத்திலும் இழை ஓடியிருக்கும்.

'களிம்பு' என்பதையும் கேட்க வேண்டும். கடையில் எல்லாமே "ஆயின்மெண்ட்"தான். ஆனால் கிரீம் வேறு, ஆயின்ட்மென்ட் வேறு. கிரீமில் தண்ணீர் உண்டு, தடவினால் ஊறி மறையும். மற்றது பிசுக்கு, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். நான்காம் ஐந்தாம் விரல் இடுக்கு ஏற்கெனவே வெள்ளையாக அவிந்து கிடக்கிறது. அங்கே பிசுக்கு கூடாது. இரண்டையும் களிம்பு என்றால் தவறான டியூப் போகும்.

எழுதியது: புலவர், திருவையாறு

களிம்பு! செம்பில் ஏறுவதும் களிம்பு. உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமையே அதுதான். சித்த மருத்துவம் புறமருந்து 32 என்று வகுத்து, பூச்சு, களிம்பு இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. தஞ்சையில் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்திய காலத்திலும் இந்தச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே கிரீமுக்குப் 'பூச்சு', ஆயின்ட்மென்டுக்குக் 'களிம்பு'.

எழுதியது: தோல் மருத்துவர், தஞ்சாவூர்

இதை ஏற்கிறேன். 'பூச்சு (கிரீம்)' என்று போடுங்கள். எர்கோஸ்டெரால் அப்படியே இருக்கட்டும் தம்பி. அது ஒரு பொருளின் பெயர், உலகம் முழுக்க அதே பெயர்.

சொல் தகராறில் இரண்டு விஷயம் விடுபட்டுவிடக் கூடாது. ஒன்று, சேற்றுப்புண் எல்லாம் பூஞ்சையல்ல. நாள் முழுக்க நீரில் ஊறி வெடித்ததும் உண்டு, பாக்டீரியாவும் உண்டு. ஓரத்தைச் சுரண்டி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் இழை தெரியும். பூச்சு போட்டு இரண்டு வாரத்தில் அசையவே இல்லையென்றால் வந்து காட்டச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, பாதம் வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

இரண்டு, ஸ்டீராய்டு கலந்த டியூப். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று அட்டையில் பெயர் இருந்தால் வாங்கக் கூடாது. அரிப்பு ஒரே நாளில் நிற்கும், சிவப்பு மறையும், அடியில் பூஞ்சை தாராளமாகப் படரும். பிறகு பார்த்தால் படையின் வட்ட வடிவமே கலைந்து எங்களுக்கே அடையாளம் தெரியாது.

எழுதியது: வேளாண் அலுவலர் (ஓய்வு), ஆடுதுறை

'சேற்றால் வந்த புண்' என்று மூன்றாம் வேற்றுமை சொல்கிறது, டாக்டர் அம்மா மறுக்கிறார். 'சேற்றில் வந்த புண்' என்று ஏழாம் வேற்றுமையாக விரித்துக்கொண்டால் இருவருக்கும் வழக்கில்லை. மருதாணியை என்ன செய்வது? நடவாட்கள் அரைத்துப் பூசுவார்கள்.

எழுதியது: தோல் மருத்துவர், தஞ்சாவூர்

இலையை அரைத்துப் பூசுவதைத் தடுக்க வேண்டாம், ஆனால் பூச்சுக்கு மாற்று என்றும் எழுத வேண்டாம். கடையில் விற்கும் கறுப்பு மருதாணிக் கோன் மட்டும் ஆகாது. அதில் கலக்கும் சாயம் புண்ணில் பட்டால் ஒவ்வாமை.

எழுதியது: மட்டுறுத்துநர், நாகப்பட்டினம்

வியாழன் இரவு ஆகிவிட்டது. வந்த கருத்துகளைக் கூட்டினால், பொதுப்பெயராகப் 'பூஞ்சை மருந்து' என்பதற்கே ஆதரவு அதிகம். விருப்பத்தால் அல்ல, வேறெதற்கும் எதிர்ப்பு வலுவாக இருப்பதால். கொல்வது, நிறுத்துவது என்ற பிரிவுக்குச் சொல் அமையவில்லை. "அரிப்பு நின்றாலும் பூஞ்சை சாகவில்லை, சொன்ன நாள் முடியும்வரை பூசுங்கள்" என்று வாக்கியமாகவே போடலாம் என்று டாக்டரும் ஒப்புக்கொள்கிறார்.

எழுதியது: புலவர், திருவையாறு

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். பென்சிலின் பூசணத்திலிருந்து எடுத்தது. 'பூஞ்சை மருந்து' என்றால் அதைத்தான் குறிக்கும்.

எழுதியது: தமிழாசிரியை, குடவாசல்

தலைவலி மருந்து தலைவலியிலிருந்து எடுத்ததா ஐயா? பூஞ்சையைப் போக்கும் மருந்து, இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அச்சுக்குப் போகட்டும்.

எழுதியது: மருந்தாளுநர், மன்னார்குடி

அனுப்பிவிட்டேன். தலைப்பில் மட்டும் 'சேற்றுப்புண் டியூப்' என்று போட்டிருக்கிறேன், கடையில் கேட்கும் பெயர் அதுதான். நகச்சொத்தை இதில் இல்லை. நகத்துக்குள் பூச்சு இறங்குவது கடினம், அதற்குப் பெரும்பாலும் மாத்திரை, அதுவும் மாதக்கணக்கில். தனி அறிக்கைதான் வேண்டும்.

எழுதியது: புலவர், திருவையாறு

அதற்கு 'நகப்பூசணம்' என்று இப்போதே முன்மொழிகிறேன்.