அக்காவுக்கு எச்-இண்டெக்ஸ் 9, குறைவா?

கேள்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பால்மரம் சீவிதான் அம்மா எங்களைப் படிக்க வைத்தார். அக்கா ரப்பர் மர இலை உதிர்வு நோயை ஆராயும் விரிவுரையாளர். எச்-இண்டெக்ஸ் என்பது, ஒருவரின் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண். ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டும் தளங்களில், கூகுள் ஸ்காலரில் அக்காவுக்கு அது 14, ஸ்கோப்பஸில் 9. பதவி உயர்வு விண்ணப்பத்தில் எதைப் போடுவது? மருத்துவத் துறையில் ஒருவர் "9 எல்லாம் ஒரு கணக்கா?" என்று கேட்டதிலிருந்து அக்கா சோர்ந்து போயிருக்கிறார்.

பதில் 1:
இரண்டும் சரிதான் தம்பி. 9 என்றால், தலா 9 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 9 இருக்கின்றன. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்ன கணக்கு இது. ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளைத்தான் எண்ணும். ஸ்காலர் ஆய்வேடு, வரைவு எல்லாவற்றையும் அள்ளும். விண்ணப்பத்தில் எந்தத் தளம், எந்தத் தேதி என்று கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம், பெயரைப் பாருங்கள். நம் பிள்ளைகளின் பெயர் ஒரு கட்டுரையில் ஏ/பி (இன்னாரின் மகள்) சேர்த்து இருக்கும், இன்னொன்றில் வெறும் இனிஷியலோடு. ஸ்கோப்பஸ் அதை இரண்டு ஆளாக்கிவிடும். ஒன்றாக்கச் சொல்லி அங்கேயே விண்ணப்பிக்கலாம். ஆர்கிட் எண்ணும் (ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தரும் தனி அடையாள எண்) எடுக்கச் சொல்லுங்கள்.

பதில் 2:
மருத்துவத்தோடு ஒப்பிடவே கூடாது. அங்கே எழுதுபவர்களும் அதிகம், மேற்கோளும் அதிகம். ஒரே கட்டுரைக்கு 500 மேற்கோள் வந்தாலும் எச்-இண்டெக்ஸில் அது ஒரு கட்டுரையாகத்தான் சேரும். நல்ல கட்டுரைகள் சிலவற்றைத் தனியாக விளக்கி எழுதட்டும்.

கேட்டவர்:
பார்த்தோம் அண்ணா. ஸ்கோப்பஸில் அக்கா இரண்டு பேராகத்தான் இருக்கிறார்! இன்றே விண்ணப்பிக்கிறோம்.