டாக்டேக் சிஏ: செஷன் ஐடிக்குப் பதிலா * போட்டா உள்ளே விட்டுடுமா?

ராணிப்பேட்டை_நெட்:
சிப்காட்ல ஒரு கம்பெனி. ஆர்ஹெல் 8-ல் (ரெட்ஹாட் லினக்ஸ்) ஃப்ரீஐபிஏ (பயனர் கணக்கு, லாகினை ஒரே இடத்துல நிர்வகிக்கிற மென்பொருள்), அதுக்குள்ள டாக்டேக் சிஏ (டிஜிட்டல் சர்டிபிகேட் கொடுக்கிற பகுதி). வேலூர் ஆபீசுக்கு சிஏ-வும் சேர்ந்த ஒரு ரெப்ளிகா (நகல் சர்வர்) போடணும். செஷன் ஐடிக்குப் பதிலா * போட்டு உள்ளே நுழைய விடுற ஓட்டைன்னு சொல்ற சிவிஇ-2023-4727-க்கான திருத்தம் இன்னும் போடலை. சர்வர் இன்டர்நெட்டுக்குத் திறந்தில்லை. ரெப்ளிகாவை முடிச்சிட்டு அப்டேட் பண்ணலாமா?

காட்பாடி_லினக்ஸ்:
வேணாம் சார், வரிசையை மாத்துங்க, அப்டேட்தான் முதல்ல. ரெப்ளிகா போடுற நேரம்தான் ஆபத்தே. புது சிஏ சேரும்போது செக்யூரிட்டி டொமைன் (சிஏ சர்வர்கள் ஒண்ணையொண்ணு அடையாளம் காண வைக்கிற பட்டியல்) ஒரு செஷன் பதிவை எல்டாப்ல (டைரக்டரி தரவுத்தளம்) எழுதி வைக்கும். பழைய கோடு, வர்ற செஷன் ஐடியை எஸ்கேப் பண்ணாம தேடல் ஃபில்டர்ல அப்படியே ஒட்டுது. அங்க * வந்தா, "இந்த ஐடி இருக்கா"ங்கிற கேள்வி "ஏதாவது ஒண்ணு இருக்கா"ன்னு ஆயிடும். ஒண்ணு இருந்தாப் போதும், டோக்கன் சரின்னு ஏத்துக்கும்.

பதிவே இல்லாதப்போ * பலிக்காது. பாலாத்துத் தண்ணி மாதிரி, அது எப்பவாவதுதான் இருக்கும். ஆனா வந்தா உடனே வடியாது: டாக்டேக்கோட அமைப்புக் கோப்பான சிஎஸ்.சிஎஃப்ஜில ஃப்ளஷ் இன்டர்வல் (பழைய செஷன் பதிவை அழிக்கிற இடைவெளி) வழக்கமா 86400000 மில்லிசெகண்ட், அதாவது ஒரு முழு நாள்.

டாக்டேக்கோட பிகேஐ-கோர் தொகுப்புகளை டிஎன்எஃப் கட்டளையில அப்டேட் பண்ணி, ஐபிஏசிடிஎல் கட்டளை வழியா எல்லா சேவையையும் ரீஸ்டார்ட் பண்ணுங்க. பதிப்பு எண்ணை நம்பாதீங்க. ரெட்ஹாட் திருத்தத்தைப் பழைய பதிப்புலயே சேர்த்துடுவாங்க. டிஎன்எஃப் அப்டேட்இன்ஃபோல இந்த சிவிஇ நிலுவையில இருக்கான்னு பாருங்க. சிஏ இருக்கிற எல்லா சர்வரும் முடியணும். எல்டாப் தரவு ரெப்ளிகேட் ஆகுது, ஒண்ணு விட்டாலும் ஓட்டைதான்.

ராணிப்பேட்டை_நெட்:
சரிங்க. 8080, 8443 போர்ட் ரெண்டும் ஃபயர்வால்ல மூடியிருக்கே, அது போதாதா?

சத்துவாச்சாரி_செக்:
போதாது. ஐபிஏல அப்பாச்சி வெப் சர்வர், 443 போர்ட் வழியா வர்ற சிஏ கோரிக்கைகளை உள்ளே டாக்டேக் ஓடுற டாம்கேட்டுக்குத் தள்ளிவிடும். லேன்ல இருக்கிற எந்த லேப்டாப்பும் அங்க போக முடியும்.

அப்டேட்டோட விட்டுடாதீங்க. அக்சஸ் லாக்ல செஷன் ஐடிக்குப் பக்கத்துல * மட்டுமில்ல, %2ஏ-வையும் தேடுங்க (யூஆர்எல்ல *-ஐ இப்படியும் எழுதலாம்; லாக்ல அந்த 'ஏ' ஆங்கில எழுத்தா இருக்கும்). யூஆர்எல்ல இல்லாம போஸ்ட் கோரிக்கையோட உள்ளடக்கத்துல அனுப்பியிருந்தா அந்த லாக்ல தெரியாது, அதனால லாக் சுத்தமா இருக்குன்னு நிம்மதியாகிட வேணாம். முன்னாடி ரெப்ளிகா அல்லது கேஆர்ஏ (சாவிகளைப் பத்திரமா வைக்கிற பகுதி) சேர்த்த தேதியை எடுத்து, அதிலிருந்து ரெண்டு நாளைக்குக் கொடுத்த சர்டிபிகேட்டுகளை ஐபிஏவோட செர்ட்-ஃபைண்ட் கட்டளையில வெளியீட்டுத் தேதி போட்டு வரிசைப்படுத்துங்க. யாருதுன்னு தெரியாததைக் காரண எண் 6 போட்டு ரிவோக் (ரத்து) பண்ணுங்க. அது நிறுத்திவைப்புதான், தப்பாயிட்டா திரும்ப எடுத்துடலாம். டாக்டேக் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவுல புதுசா யாராவது முளைச்சிருக்காங்களான்னும் பாருங்க. ஐபிஏ பயனர் பட்டியல் வேற, இது வேற. பலபேர் ஐபிஏ பட்டியலை மட்டும் பார்த்துட்டு மூடிடுவாங்க.