புதுப்பிப்பு: ஸ்டோரில் கிடந்த கண்ணாடியிழைக் கழி ஏன் பிளந்தது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்ட ஸ்டோரில் வெயில் படாமல் கிடந்த செம்பனைக் குலை வெட்டும் கண்ணாடியிழைக் கழி, வேலைக்கு எடுத்ததுமே நீளவாக்கில் பிளந்தது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். "வெயில் தின்றிருக்கும்" என்றே பலர் சொன்னீர்கள். படாத வெயில் எப்படித் தின்னும்?

பிளவை உருப்பெருக்கியில் பார்த்தேன். இழைகள் அறுபடவில்லை, அவற்றைப் பிணைத்த பிசின்தான் விட்டிருக்கிறது. என் சந்தேகம் பௌதிக முதுமையின் மேல். பிசின் இறுகும்போது மூலக்கூறுகள் அரைகுறையாக உறைந்துபோகின்றன. பிறகு கண்ணாடிநிலை வெப்பத்துக்கு (விறைத்த பிசின் இளகத் தொடங்கும் வெப்பநிலை) கீழேயே மெல்ல மெல்ல நெருங்கி அமர்கின்றன. வேதிமாற்றம் எதுவும் இல்லை. விறைப்பு கூடும், சுமையில் மெதுவாக நீளும் ஊர்வு குறையும், நொறுங்கும் குணம் ஏறும். அந்த வெப்பத்தை நெருங்க நெருங்க வேகமும் கூடும். தகரக் கூரை ஸ்டோருக்குச் சொல்லவா வேண்டும்! பிளாஸ்டிக், பிசின் போன்ற பொருள்களை ஆராய்ந்த ஸ்ட்ரூயிக் 1978இல் இதை ஒரு நூலாகவே எழுதினார்.

இழைவாக்கு வலிமை அவ்வளவாக மாறாது. இழைக்குக் குறுக்கே இழுக்கும்போதும், இழைகள் ஒன்றையொன்று உரசிச் சறுக்கப் பார்க்கும்போதும் தாங்கும் வலிமைதான் அடி வாங்கும். கண்ணாடிநிலை வெப்பத்தைத் தாண்டிச் சூடாக்கினால் இந்த முதுமை அழியும், விழுந்த பிளவு ஒட்டாது. ஈரமும் புகுந்திருக்கலாம் என்று தோட்டக் கணக்குப்பிள்ளையான கிராணி அண்ணன் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. கயிறு சுற்றிச் சமாளிக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.