மூலக்கூறுகளை நன்றாகத் தொகுக்கத் தெரிந்தவர்களை மருந்து வேதியியலுக்குப் பழக்குவது எப்படி?

குடுவைக்காரன்:
எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவரும் முனைவர் பட்டம் முடித்தவர்கள், கரிமத் தொகுப்பில் கில்லாடிகள். எந்த வினையைக் கொடுத்தாலும் ஓட்டி, பிரிப்புக் குழாயில் (column) பிரித்து, கிடைத்தது சரியான மூலக்கூறுதான் என்று காட்டும் சுத்தமான என்எம்ஆர் நிறமாலையோடு வந்து நிற்பார்கள். ஆனால் "அடுத்து எந்த மூலக்கூறு, ஏன்?" என்று கேட்டால் சுலபமாகச் செய்ய முடிந்ததைத்தான் சொல்கிறார்கள். அமைடு பிணைப்பு, சுசூகி இணைப்பு போன்ற வழக்கமான வினைகள், மறுபடியும் அமைடு. மருந்தியல் பாடத்திலிருந்து தொடங்கவா, இல்லை வேலை செய்யச் செய்யத் தானாக வந்துவிடுமா?

பென்சைல்:
தானாக வராது. பாடமும் வேண்டாம், தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஏற்கெனவே வெளிவந்த ஒரு மருந்தை எடுத்து, விடையை மறைத்து வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள். நான் எடுப்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் எசெட்டிமைப். அதன் முன்னோடிச் சேர்மமான எஸ்சிஎச் 48461ஐ மட்டும் பலகையில் வரைந்து, "உடல் இதில் எங்கெங்கே கை வைத்து மாற்றும்?" என்று கேட்பேன். மெத்தாக்சியில் மெத்தில் கழன்றுவிடும் என்று உடனே சொல்லிவிடுவார்கள், பென்சைல் கார்பனில் ஹைட்ராக்சில் ஏறும் என்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஓரத்து பீனைலின் பாரா இடம் அநேகமாக யார் கண்ணிலும் படாது. அப்புறம் எசெட்டிமைபை வரைவேன். உடல் கை வைக்காதபடி அந்தப் பாரா இடத்தில் ஃப்ளோரின், ஒரு மெத்தாக்சி இருந்த இடத்தில் இன்னொரு ஃப்ளோரின், மற்ற மெத்தாக்சி பீனாலாகிவிட்டது, பென்சைல் ஹைட்ராக்சிலை அவர்களே முன்கூட்டி ஏற்றிவிட்டார்கள். வெள்ளெலிகளில் வீரியம் ஏறத்தாழ 50 மடங்கு கூடியது. இத்தனைக்கும் மருந்துக்கு 2002இலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது, அது எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பது தெரிந்ததோ 2004இல்! அங்கேதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

லாக்டி:
மேலே சொன்னது சரி, ஆனால் அதற்கு முன் எண்களைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். ஐசி50 (இலக்கின் செயலைப் பாதியாகக் குறைக்கத் தேவையான செறிவு) ஒரு சேர்மத்துக்கு 40 நானோமோலார், இன்னொன்றுக்கு 80 என்றால் "இரண்டு மடங்கு மேல்" என்று குதிப்பார்கள். பெரும்பாலான சோதனைகளில் இரண்டும் ஒன்றுதான். மடக்கை அளவில் குறித்துப் பார்க்கப் பழகினால் அந்தக் குதிப்பு அடங்கிவிடும். அதே வரைபடத்தில் கொழுப்பில் கரையும் தன்மையின் அளவான லாக்டியையும் (logD) வையுங்கள், வீரியம் ஏறியது அந்தத் தன்மையை ஏற்றியதால் மட்டும்தானா என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அப்படி ஏற்றிக்கொண்டே போனால் கரைதிறன் விழும், கல்லீரல் நொதிகள் வேகமாகத் தின்னும், இதயத்தின் பொட்டாசியம் வாயிலான ஹெர்க்கை (hERG) அடைக்கும் தொல்லையும் சேரும். ஒவ்வாமை மருந்தான டெர்ஃபெனடின் இதயத் துடிப்பைக் குலைத்ததற்கு அந்த ஹெர்க் வாயிலை அடைத்ததுதான் காரணம். உடலில் டெர்ஃபெனடின் மாறிக் கிடைக்கும் கார்பாக்சிலிக் அமிலம், அதாவது ஃபெக்சோஃபெனடின், அந்தத் தொல்லை இல்லாமல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

பழைய ரோட்டாவேப்:
சுலபமானதைச் செய்கிறார்கள் என்று ஏன் குறை சொல்கிறீர்கள்? கேள்விக்கு விடை தரும் மூலக்கூறு இரண்டு படியில் கிடைத்தால் பத்துப் படி ஏறுபவன்தான் முட்டாள். லிபின்ஸ்கி விதியில் வரும் மூலக்கூறு எடை வரம்பான 500ஐப் பாஸ் மார்க் மாதிரி பிடித்துக்கொள்பவர்கள்தான் எனக்கு எரிச்சல். 1997இல் அது வாய்வழி உறிஞ்சலுக்கான எச்சரிக்கையாகத்தான் வந்தது. என் யோசனை: ஒவ்வொரு மூலக்கூறையும் தொடங்கும் முன் "இது தோற்றால் என்ன தெரியவரும்?" என்று நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வரவில்லையென்றால் குடுவையைத் தொட வேண்டாம்.

குடுவைக்காரன்:
அந்த ஒரு வரியைத் திங்களிலிருந்தே தொடங்குகிறேன். @பென்சைல், இருவரையும் சோதனைக் குழுவோடு உட்கார வைத்து மைக்ரோசோம் முடிவுகளை (கல்லீரல் நொதிகள் சேர்மத்தை எவ்வளவு வேகமாகச் சிதைக்கின்றன என்ற சோதனை) நேரடியாகப் பார்க்க விடலாமா, இல்லை தொடக்கத்திலேயே அது அதிகமா?

பென்சைல்:
தாராளமாக விடுங்கள். அவர்கள் செய்த சேர்மத்தின் முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்தவர் சேர்மம் என்றால் கவனம் நிற்காது.