இசை போக மிச்ச நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?

மாலைவயலின் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வேலை பார்த்துக்கொண்டே வயலின் கற்றுக்கொள்கிறேன். மேடை ஏறும் எண்ணமெல்லாம் இல்லை, வாசிப்பது பிடிக்கும், அவ்வளவுதான். கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுக்கத் திரையும் எண்களும். மாலையில் வந்து முகம் கழுவியதும் வயலின் பெட்டியைத் திறந்துவிடுவேன். வாரநாட்களில் அதற்கு மேல் எதற்கும் நேரமில்லை.

கேள்வி வார இறுதியைப் பற்றியது. கொஞ்ச காலமாகத் தச்சு வேலையில் ஆசை பிடித்திருக்கிறது. நண்பர் ஒருவர் தன் பட்டறையில் ஒரு மூலையை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். இப்போது ஒரு சின்னப் பெட்டி செய்துகொண்டிருக்கிறேன், மூலைகளில் டவ்டெயில் இணைப்பு, அதாவது புறா வால் வடிவப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் இணைப்பு. பென்சில் கோட்டைத் தொடாமல், அதை ஒட்டியே ரம்பம் இறங்க வேண்டும். அந்த ஒரு வெட்டில் மனசு முழுசாக உட்கார்ந்துவிடுகிறது.

உடன் பயில்பவர்கள் சிலர், “கிடைப்பதே வார இறுதிதான், அதையும் மரத்தில் போடுகிறீர்களே” என்கிறார்கள். எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை. அலுவலகத்திலிருந்து நேராக வந்து வாசித்தால் தோள் ஏறியே இருக்கும், வில் நடுப்பகுதியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பட்டறையில் ஒரு மதியம் இருந்துவிட்டு மறுநாள் எடுத்தால், அடியிலிருந்து நுனிவரை வில் தானாகப் போகிறது.

இரண்டு விஷயம்தான் உறுத்துகிறது, விரலும் காதும். நண்பரின் மின்ரம்பம் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசவே முடியாது. அப்புறம், இன்னொரு நண்பர் செயற்கைச் சுவர் ஏற வரச்சொல்லிக் கூப்பிடுகிறார், அது விரலுக்கு ஆகுமா?

இசையைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் மற்ற நேரத்தில் என்ன செய்கிறீர்கள்? அது உங்கள் வாசிப்புக்குக் கை கொடுக்கிறதா, இல்லை நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறதா?

இரவுவானம்

நான் புல்லாங்குழல். மற்ற நேரம் தொலைநோக்கி.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்திருந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1738-இல் ஹனோவரில் பிறந்தவர், ராணுவ இசைக்குழுவில் ஓபோ என்ற ஊதுகருவியை வாசித்தார், பிறகு இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் கலைஞர். அவருக்கு இசை பிழைப்பு, வானம் ஆசை. நமக்கு நேர் எதிர். பகலில் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பார், வீட்டிலேயே உலோகக் கண்ணாடிகளைத் தேய்த்து மெருகேற்றுவார். ஒருமுறை 16 மணி நேரம் கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல் தேய்த்தாராம். தங்கை கரோலின்தான் சாப்பாட்டை வாயில் ஊட்டிவிட்டார். அப்படித் தன் கையால் செய்த தொலைநோக்கியில்தான் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டார். கரோலினும் நல்ல பாடகி. பின்னாளில் எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தார். அவரைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நம் காலத்திலும் ஆள் உண்டு. குயீன் இசைக்குழுவின் பிரையன் மே 1970-களில் பாதியில் விட்ட வானியல் ஆய்வை மறுபடி எடுத்து, 2007-இல் முனைவர் பட்டம் வாங்கினார். சூரியனைச் சுற்றியுள்ள தூசியைப் பற்றிய ஆய்வு. அவர் கிதாரும் அப்பாவோடு சேர்ந்து வீட்டில் செய்ததுதான், பழைய கணப்படுப்பு ஒன்றின் மரத்தை அதில் பயன்படுத்தினார்கள். உங்கள் பட்டறையைக் குறை சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். குழுவாக ஒத்திகை பார்த்த இரவில் காதுக்குள் ஒரு இரைச்சல் கொஞ்ச நேரம் நிற்கும். அன்றைக்குப் பாட்டு, படம் எதையும் போடாமல் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் கைபேசித் திரையைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த அரைமணி நேரம் காதுக்கு வேலையே கிடையாது. வாசிக்கிற ஒருவருக்கு அதைவிடப் பெரிய ஓய்வு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. மங்கலான விண்மீன்திரளை நேராகப் பார்த்தால் தெரியாது. சற்றுத் தள்ளி, பக்கத்து விண்மீனைப் பார்த்தால் ஓரத்தில் அது மெல்லத் தெரியும். விழித்திரையின் நடுவில் மங்கல் ஒளிக்கான செல்கள் இல்லாததுதான் காரணம். இதைப் பழகிய பிறகு குழுவில் வாசிக்கும்போதும் என் குழலை மட்டும் கேட்காமல், பக்கத்தில் இருப்பவரின் தந்தியைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வருகிறது. ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று நிரூபிக்க முடியாது. எனக்கு வந்தது அப்படித்தான்.

மரத்தூள்

நானும் உங்கள் கட்சி. கிதார் வாசிப்பேன், மரவேலை செய்வேன், பழைய வாத்தியங்களைப் பழுதுபார்ப்பேன். கேட்ட இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்கிறேன்.

முதலில் காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பணியிடங்களுக்காகப் பரவலாகச் சொல்லப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. மின்ரம்பம் 100-ஐத் தொடும், அதற்குக் கிடைப்பது கால் மணி நேரம்தான். வயலின்காரருக்கு இடது காது ஏற்கெனவே வாத்தியத்தை ஒட்டியே இருக்கிறது, வாசிக்கும்போதே 85-ஐத் தாண்டுவது சாதாரணம். ஒரே நாளில் வாசிப்பையும் ரம்பத்தையும் சேர்த்தால் இரண்டும் ஒரே கணக்கில்தான் ஏறும். நீங்கள் ரம்பத்தைத் தொடாவிட்டாலும் அது ஓடும் அறைக்குள் நுழையும்போதே காதுமூடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து விரல். வாத்தியக்காரர்கள் விரலைக் காப்பாற்றுகிறேன் என்று கையுறை போடுவார்கள். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் கையுறை கூடவே கூடாது. துணி ஓரம் மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும். கைரம்பம், உளி, இழைப்புளி போதும். நீங்கள் செய்யும் பெட்டி அளவுக்கு மின்கருவி தேவையே இல்லை.

உளியை நன்றாகத் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். மழுங்கிய உளிதான் ஆபத்து, அதை அழுத்தித் தள்ளுவீர்கள், திடீரென்று வழுக்கும். தீட்டிய உளி குறுக்குவெட்டில் சுருளாகச் சீவிக்கொண்டு போகும், வெட்டிய முகம் பளபளக்கும். மழுங்கல் என்றால் தூளாக உதிரும், இழை பிய்ந்து வெளிறித் தெரியும். வெட்டும்போது இரண்டு கையும் கூர்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். மரத்தை இடது கையால் பிடிக்காதீர்கள், கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். உங்கள் சங்கீதம் இருப்பது அந்த இடது கையில்.

அப்புறம் வரிசை. முதலில் வாசிப்பு, பிறகு மரம். உளியை இறுக்கிப் பிடித்து முன்கை களைத்த பிறகு வில்லை எடுத்தால் கை லேசாக நடுங்கும், அதைச் சரிசெய்ய இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். அது கெட்ட பழக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

வாசிப்புக்கு என்ன லாபம் என்றால், மரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது புரியத் தொடங்கும். காற்றில் ஈரம் ஏறினால் மரம் குறுக்கே உப்பும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதனால்தான் தந்தியை முறுக்கும் பிரடை ஒரு பருவத்தில் இறுகிக்கொள்கிறது, இன்னொரு பருவத்தில் வழுக்குகிறது. உங்கள் பெட்டியின் மூடியும் அதேபோல் முரண்டு பிடிக்கும், பாருங்கள்.

ஆறாம்தந்தி

சுவர் ஏறுகிறேன், கிதாரும் வாசிக்கிறேன், அதனால் அதற்கு மட்டும் பதில். ஏறுபவர்களுக்கு அடிக்கடி அடிபடுவது மோதிர விரலின் அடிக்கணுவில் இருக்கும் பட்டை. விரல் எலும்போடு தசைநாரைச் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். அது கிழிந்தால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வாத்தியம் கிடையாது. விரல்களை நடுக்கணுவில் மடக்கி மெல்லிய விளிம்பில் தொங்குவதுதான் அதை அதிகம் வதைக்கும். பெரிய பிடிகள் இருக்கும் சுவர், காலால் தள்ளி ஏறும் பாதை என்றால் பயம் குறைவு. ஆனால் ஆசை வந்துவிட்டால் யாரும் பெரிய பிடிகளோடு நிற்பதில்லை. வயலின் முக்கியம் என்றால் நடை, ஓட்டம், நீச்சல் என்று போங்கள். நான் ஏறுவதை விடமாட்டேன், எனக்கு இரண்டும் சமம்.

தாளக்காரன்

எல்லோரும் இரண்டாவது பொழுதுபோக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மிருதங்கம் வாசிக்கிறேன். இசை போக மிச்ச நேரம் என்று எனக்கு இருப்பது வேலை, பிள்ளைகளின் படிப்பு, வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்வது, தூக்கம். தொலைநோக்கியும் கிடையாது, பட்டறையும் கிடையாது. பொழுதுபோக்காக வாசிப்பவர்களில் பாதிப்பேருக்காவது இப்படித்தான் இருக்கும். அதை ஒரு குறையாக நினைக்கவும் கூடாது.

என் சாதகத்தில், அதாவது பயிற்சியில், பெரும்பங்கு வாத்தியம் இல்லாமலே நடக்கிறது. அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போய் வெளியே காத்திருக்கும்போது ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர நடையில் ஒரு மோகராவை (மிருதங்கச் சொற்கட்டுக் கோவை) வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். தொடையில் ஒரு விரல் மட்டும் தாளம் எண்ணும். சொல் தடுமாறும் இடம் அங்கேயே தெரிந்துவிடும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் கை அந்த இடத்துக்குத்தான் முதலில் போகும். தூக்கத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி வராத ஒரு விரல் வரிசை காலையில் சுத்தமாக வருவதை எல்லோருமே பார்த்திருப்பீர்கள். பழகிய அசைவுகளை மூளை தூக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்கிறது என்பது ஆய்வுகளிலும் வந்த விஷயம். தூக்கத்தை வெட்டிச் சாதகம் செய்தால் அந்தச் சாதகம் நிற்காது.

ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் பரோதினை நினைத்துக்கொள்வேன். தொழிலால் வேதியியல் பேராசிரியர். பெண்களுக்கு மருத்துவக் கல்வி கிடைக்கப் பாடுபட்டவர். வீட்டில் எந்நேரமும் உறவுக்கூட்டம். ‘பிரின்ஸ் ஈகர்’ என்ற இசைநாடகத்தை 1869-இல் தொடங்கினார், 1887-இல் இறந்தபோதும் அது முடியவில்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் முடித்துக்கொடுத்தார்கள். 18 வருஷம் இழுத்தது என்று சிலர் பரிதாபப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றாது. ஆய்வகமும் மாணவர்களும் அவருக்கு இடைஞ்சலாக வந்தவை அல்ல, அவையும் அவர் விரும்பி ஏற்றவைதான்.

எனவே மாலைவயலின், மரம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதே போதும். வில் நீளமாக வருகிறது என்று அதற்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

கறுப்புவெள்ளை

பியானோவும் சதுரங்கமும். இந்தக் கூட்டணிக்குப் பெரிய பரம்பரை உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பிலிடோர் இசைநாடகங்கள் எழுதினார், சதுரங்கத்தில் ஒரு தற்காப்பு ஆட்டமே அவர் பெயரில் இருக்கிறது. சோவியத் நாட்டின் மார்க் தைமானோவ் கிராண்ட்மாஸ்டராகவும் கச்சேரிப் பியானோ கலைஞராகவும் ஒரே நேரத்தில் வாழ்ந்தார். ஆனாலும் நாள் முழுக்க உட்கார்ந்து எண்களைப் பார்க்கிறவருக்கு நான் சதுரங்கத்தைச் சொல்லமாட்டேன். மறுபடியும் உட்கார்ந்து கணக்குப் போடுவதுதான். நின்றபடி செய்கிற தச்சு உங்களுக்குப் பொருத்தம்.

மாலைவயலின்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சுவர் ஏறுவதற்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை வயலின், மதியத்துக்கு மேல் பட்டறை என்று மாற்றிக்கொள்கிறேன். காதுமூடி இன்றே வாங்குகிறேன். தாளக்காரன் சொன்ன கடைசி வரியை இரண்டு முறை படித்தேன், நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.

மரத்தூளுக்கு ஒரு கேள்வி. யாரும் வாசிக்காத ஒரு பழைய வயலின் கைக்கு வந்திருக்கிறது. கீழ்ப்பக்க வளைவில் மேல்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருக்கிறது. பட்டறையில் இருக்கும் வெள்ளைப் பசையால் ஒட்டலாமா?

மரத்தூள்

வேண்டாம். அந்த இணைப்பு விட்டுக்கொடுப்பதற்காகவே விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வஜ்ஜிரப் பசையால் ஒட்டப்படுகிறது. மரம் சுருங்கி இழுக்கும்போது ஒட்டு பிரியும், பலகை விரிசல் விடாமல் தப்பிக்கும். வெள்ளைப் பசையால் ஒட்டினால் அடுத்த தடவை பலகைதான் பிளக்கும். பிறகு யார் திறக்கப் பார்த்தாலும் மரத்தைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

வஜ்ஜிரத் துகளைக் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள், உப்பியதும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு கிண்ணத்தில் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்குங்கள். கொதிக்கவிட்டால் ஒட்டும் பலம் போய்விடும். மேல்பலகைக்கு நீர்க்கவே இருக்கட்டும். நேராக வயலினில் கை வைக்காமல் முதலில் வீண்மரத் துண்டுகளில் ஒட்டிப் பழகுங்கள். பசை ஆறினால் வேகமாக உறையும், கிளாம்பைத் தேடிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.

தந்திகளை எல்லாம் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே, வயலினுக்கு உள்ளே நிற்கும் சின்னத் தண்டு அழுத்தத்தில்தான் நிற்கிறது, ஒட்டப்பட்டதில்லை, முழுக்கத் தளர்த்தினால் விழுந்துவிடலாம். பாதி தளர்த்தினால் போதும். பிளவை வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பழைய பசை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எத்தனை கிளாம்ப் வேண்டும் என்று சொல்கிறேன்.